கறை படாத பற்கள்

அன்று காலை மணி ஆறு பத்து. ஞாயிற்றுக்கிழமை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே, ஆறரைக்குள் காப்பி குடித்துவிட்டு நடக்கப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி சாந்தாமணி ஊரில் இல்லை. வீட்டில் நானும் மகளும்தான்.

கீர்த்தனா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையில் அவள் எட்டு மணிக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததில்லை.

வலது பக்கம் தாடை எலும்பு எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகியிருந்தன. தொட்டுப் பார்த்தேன். கொய்யாக்காய் போலக் கெட்டியாக, கொதித்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதாம்மா?"

தலையை மட்டும் ஆட்டினாள். பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

இந்தத் தொடரில் இதுவரை சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பைப் பற்றியும், என் அலுவலகத்து நண்பர்களைப் பற்றியும், பெரும்பாலும் சிரிக்கும்படி எழுதிவந்தேன். இந்த வாரம் அப்படித் தொடங்க முடியவில்லை. நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்றும் காலையில் பால் பொங்கும் சத்தம் கேட்டால், அவள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைக்கிறேன்.

சங்கிலி

பக்கத்து வீட்டுச் சரசக்காவைக் கூப்பிட்டேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. எங்கள் வரிசையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் அவர்தான் வருவார்.

அவர் கீர்த்தனாவின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது பொன்னுக்கு வீங்கிதான் தம்பி. காலேஜுல எத்தினி புள்ளைங்க ஒண்ணா ஒக்காருதுங்க, ஒட்டிக்கிச்சு. கழுத்துல பொன்னப் போடு. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பத்துப் போடு. தானா எறங்கிடும்."

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நான் வேதியியல் படித்தவன். பொன்னுக்கும் வீக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று தெரியும். ஆனாலும் போட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. வியாதிக்குப் பெயர் கிடைத்துவிட்டதில் ஒரு நிம்மதி.

சாந்தாமணிக்குப் போன் செய்தேன். எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுடைய ஊர். மாரியம்மன் பண்டிகைக்காகப் போயிருந்தாள்.

"ஏனுங்க, பீரோவுல நடுத்தட்டுல செவப்பு டப்பா இருக்குதுங்க. அதுல என்ற சங்கிலி இருக்கும், எடுத்துப் போடுங்க. நான் இப்பவே கெளம்பி வாரேன்."

"எதுக்கு? பொங்கல் வெச்சுட்டு வா. பொன்னுக்கு வீங்கிதானே."

"செரிங்க. தண்ணி கேன்லருந்துதானே குடுக்கறீங்க? பைப்புத் தண்ணிய ஊத்திக் குடுத்தறாதீங்க."

"கேன்தான், கேன்தான்" என்றேன்.

சங்கிலியை எடுத்து மகளின் கழுத்தில் போட்டேன். வீக்கத்தின் மேல் அது படாமல் இருக்கக் கொக்கியைத் தளர்த்திக் கடைசி வளையத்தில் மாட்டினேன். சரசக்கா அரைத்துக் கொடுத்த பச்சை விழுதைத் தடவினேன். கீர்த்தனா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு விரல் நுழைகிற அளவுகூடத் திறக்கவில்லை. மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

சிரிக்காத ஆல்பம்

கேன் தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சாந்தாமணியின் பற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத அவளிடம் கேட்டுக்கொண்டேன். "எழுதுங்க, போட்டோ மட்டும் போட்டறாதீங்க" என்றாள்.

அவள் ஊரில் குடிப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நிலத்தடிப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கோடுகளோடு முளைக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கறை பல்லின் மேலே இல்லை, பல்லிலேயே இருக்கிறது.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் பெண் வீட்டார் படங்களைப் பார்க்கிறவர்கள், ஏதோ சண்டை நடந்திருக்கிறது என்று நினைப்பார்கள். சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் என்று அத்தனை பேரும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார்கள். போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளுடைய பெரியப்பா, "சிரிச்சா உன்ற கேமரா கறுத்துப் போயிரும், இப்படியே எடு சாமி" என்றார். அதற்கும் யாரும் வாய் திறந்து சிரிக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

பெண் பார்க்கப் போன அன்று சாந்தாமணி ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. எங்கள் ஊரான ஆத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் அக்கா, "பொண்ணு கொஞ்சம் கர்வக்காரி போல இருக்குதுடா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வரும் முன்பே கை வந்துவிடும். எத்தனை வருடமானாலும் அந்தக் கை தவறியதில்லை. போனில் பேசிச் சிரிக்கும்போதுகூட வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு முறை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் அவளிடம், "பாத்தா படிச்ச பொண்ணாட்டம் இருக்க, இந்த வயசுலயே எதுக்கும்மா பொகையில?" என்று அக்கறையோடு கேட்டார். சாந்தாமணி சேலம் சந்திப்பு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும், வயிற்றில் நான்கு மாதமாக இருந்த கீர்த்தனாவைத் தொட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"இதுக்கு நான் அந்தத் தண்ணியில ஒரு சொட்டுக்கூடக் குடுக்க மாட்டேனுங்க."

வெள்ளைப் பல்லும் வெல்லக்கட்டியும்

சொன்னதைச் செய்தாள். அன்று முதல், குழாய்த் தண்ணீரைக்கூட நம்பாமல், எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த கேன் தண்ணீர்தான். பிறந்த வீட்டுக்குப் போனால் கேனும் கூடவே பஸ் ஏறும்.

"ஏம்புள்ள, இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் நீயும் வளந்த. உன்ற புள்ளைக்கு மட்டும் ஆகாதா?" என்று அவள் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்.

"அதனாலதான் ஆகாதுங்கறேன்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கறைக்குக் காரணம் ஃபுளோரைடு என்று அவளுக்கு விளக்கியவன் நான். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து தண்ணீரைச் சோதித்தவர்கள் சொன்னதையும், நான் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நாளில் அவள் கடையில் நின்றுகொண்டு ஒரு பற்பசை டப்பாவை என்னிடம் நீட்டினாள். "ஏனுங்க, இதுல அந்த ஃபுளோரைடு போட்டிருக்குதாமா. தண்ணியில வேண்டாம்னு காசு குடுத்துக் கேன் வாங்கிட்டு, பேஸ்ட்டுல வாங்கித் திங்கறதா?" கேள்வி சரியாகத்தான் பட்டது. ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பற்பசை எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

கீர்த்தனாவின் பற்கள் வெள்ளையாக முளைத்தன. விசேஷ வீடுகளில் சாந்தாமணி, "அத்தைக்குச் சிரிச்சுக் காட்டு சாமி" என்பாள். குழந்தை சிரித்துக் காட்டும். சாந்தாமணி அந்தப் பற்களைப் பார்த்துக்கொண்டே, தன் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

ஆறாம் வகுப்பில் முதல் பல் சொத்தையானது. அடைத்தோம். அடுத்த வருடம் இன்னொன்று. பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது.

எங்களுக்கு விளங்காத விஷயம் இதுதான். வீட்டில் அதிகம் பல் தேய்க்கிறவள் அவள். காலை, இரவு தவறாது. சாக்லேட் பெரிதாகத் தின்னமாட்டாள்.

மறுபக்கம், சாந்தாமணியின் தம்பி மாதேசு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வருடத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவன். தூக்கம் வராமல் இருக்க வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு லாரி ஓட்டுவான். பல் தேய்ப்பது தண்ணீரும் மனசும் இருந்தால்தான். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. பற்கள் அக்காவுடையதைவிடப் பழுப்பு. ஆனால் ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. கீர்த்தனாவைச் சீண்டுவதற்காகவே கரும்பைக் கடைவாயில் வைத்து உரிப்பான்.

"வெள்ளச் சட்டை போட்டவனெல்லாம் வெயில்ல நிக்க மாட்டானாட்டம், உன்ற பல்லும் அப்படித்தான் புள்ள" என்பான்.

அவன் சீண்டலில் அவளுக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் சொல்வதுதான் தைக்கும். என் அக்கா ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோர் காதிலும் விழ, "பொம்பளப் புள்ள, ஒழுங்காப் பல்லு வெளக்கறதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். காய்ச்சல் வந்தால் பாவம் என்பார்கள். பல் சொத்தையானால் சோம்பேறி என்பார்கள். கீர்த்தனா இலையில் இருந்த ஜிலேபியை மடித்து ஓரத்தில் ஒதுக்கிவைத்தாள்.

செல்போனில் வந்தது

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மதியம் கஞ்சி கொடுக்கப் போனேன். கீர்த்தனா படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் டம்ளர். எச்சிலை விழுங்க முடியாமல் அதில் துப்பிக்கொண்டிருந்தாள். வீக்கம் கழுத்தின் நடுவைத் தாண்டி இடது பக்கமும் போயிருந்தது. சங்கிலியைத் தளர்த்தி மாட்டியிருந்தேன் என்று சொன்னேனே, இப்போது அது தோலில் பதிந்து ஒரு கோடு போட்டிருந்தது.

"அப்பா" என்றாள். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல் அந்தக் குரல் இருந்தது. அவள் குரல் மாதிரியே இல்லை.

பிறகு செல்போனை எடுத்துத் தட்டி என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு பொன்னுக்கு வீங்கி மூணாங்கிளாஸ்லயே வந்துடுச்சுப்பா. இது பல்லு. நாலஞ்சு நாளா வலி."

அது எனக்கும் சாந்தாமணிக்கும் அடியோடு மறந்துபோயிருந்தது. வலியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். போனை வாங்கி மறுபடி தட்டினாள்.

"இன்னொரு பல்லான்னு கேப்பீங்க."

படித்து முடித்து நான் நிமிர்ந்தபோது அவள் மூச்சை வாயால் இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்கும்போது ஒரு சன்னமான சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர விரும்பவில்லை.

கூப்பிட்டதும் ஓடிவந்த சரசக்கா அவளைத் தாங்கிப் பிடிக்க, நான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்தேன். ஆஸ்பத்திரி போகும் வழி முழுக்க அக்கா தன் முந்தானையால் கீர்த்தனாவின் கழுத்தில் காய்ந்திருந்த மஞ்சளையும் வேப்பிலையையும் துடைத்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் கேட்ட கேள்விகள்

அவசரப் பிரிவுக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். வாய், தாடை அறுவை சிகிச்சை செய்பவர். விளக்கை அடித்து, திறக்க முடிந்த அளவு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நாக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் அவசரப்படவில்லை. ஆனால் பேசிக்கொண்டே நர்ஸுக்குக் கையால் சைகை காட்டியதில் இரண்டு பேர் ஓடினார்கள்.

"கீழ்க் கடைவாய்ப் பல்லு சார். வேர்ல சீழ் பிடிச்சு, தாடைக்கு அடியில எறங்கியிருக்கு. இன்னும் பரவுனா மூச்சுக் குழாய அழுத்திடும். இப்பவே கீறி வெளியேத்தணும், அந்தப் பல்லையும் எடுத்துடணும்."

"பல்லு சொத்தைக்கு இவ்வளவா டாக்டர்?"

"எப்பவாச்சும் இப்படி ஆகும். நல்ல வேளை, வந்துட்டீங்க." பிறகு மகளின் கழுத்தைப் பார்த்தார். "இந்தச் செயினக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க."

கொக்கி வழுக்கியது. எத்தனை முயன்றும் கழற்றவே முடியவில்லை. கடைசியில் நர்ஸ்தான் கழற்றிக் கொடுத்தார்.

சாந்தாமணிக்குப் போன் செய்தேன். பின்னால் மேளச் சத்தம். "பொன்னுக்கு வீங்கி இல்ல, பல்லு. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன். "வாரேனுங்க" என்றாள். வர நினைத்தாலும் உடனே வர முடியவில்லை. தேர் ஊர் முக்கில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வண்டியும் வெளியே போக வழியில்லை. கோயிலுக்கும் முக்குக்கும் நடந்துகொண்டே இருந்தாள் என்று, பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்த மாதேசு பிறகு சொன்னான்.

காத்திருந்தேன். கதவுக்கு மேலே ஒரு பல்லி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்த நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "மூச்சு நல்லா இருக்கு" என்றார் முதலில். வேறு எதையும் அதற்கு முன் சொல்லாததற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்தார். உள்ளே பல். வெளிப்பக்கம் அவ்வளவு வெள்ளை. மேலே நடுவில் ஒரு கறுப்புப் பொத்தல்.

"டாக்டர், இவ ரெண்டு வேளையும் தேய்க்கிறவ. தேய்க்காதவங்க எல்லாம் நல்லா இருக்காங்க. இவளுக்கு மட்டும் ஏன்?"

டாக்டர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். களைப்பாக இருந்திருக்க வேண்டும். செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்து வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எத்தன பல்லு போயிருக்கு?"

என் நாக்கு தானாக வலது பக்கம் கடைவாயில் இருந்த வெற்றிடத்துக்குப் போனது. சொன்னேன். என் அப்பாவுக்கும் சீக்கிரமே போய்விட்டதைச் சொன்னேன்.

"பொண்ணுக்குக் கடைவாய்ப் பல்லுல பள்ளமெல்லாம் ரொம்ப ஆழம். பிரஷ்ஷோட முடி அடி வரைக்கும் போகாது. அது உங்க வழியா வந்திருக்கலாம். ஏதாச்சும் மாத்திரை தொடர்ந்து சாப்பிடுதா?"

தும்மலுக்கு ஒவ்வாமை மாத்திரை, பல வருடங்களாக. மூக்கடைப்பால் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள்.

"வாய் உலருதுன்னு சொல்லுமா?"

சொல்வாள். அதற்காகவே புளிப்பு மிட்டாய் ஒன்றை எப்போதும் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருப்பாள். அதை நாங்கள் இனிப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

அவர் விளக்கினார். நாம் எதையாவது தின்ற பிறகு வாயில் உள்ள கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் பல்லிலிருந்து தாதுவைக் கரைக்கிறது. எச்சில் அந்த அமிலத்தைக் கழுவி, கரைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்கிறது. எச்சில் தாராளமாக ஊறுகிறவருக்கு இந்த வேலை தானாக நடக்கும். ஊறாதவருக்குக் கரைவது மட்டும் நடக்கும். வெல்லத்தைக் கடித்து விழுங்கிவிட்டு வாயைச் சும்மா விடுகிறவரைவிட, ஒரு சின்ன மிட்டாயை நாளெல்லாம் ஒதுக்கிவைக்கிறவருக்கே சேதம் அதிகம். கிருமிகளும் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி இல்லை.

"எங்க மச்சினன் ஒருத்தன் வெல்லத்த வாயில அடக்கிட்டுத்தான் லாரியே ஓட்டுவான்" என்றேன்.

"எச்சில் நல்லா ஊறுதோ என்னமோ. அவருக்கு எந்த ஊரு?"

சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டினார்.

"பல்லுல கறை இருக்குமே? அந்தத் தண்ணியில வளர்ந்தவங்க நெறைய பேர் வருவாங்க. கறை லேசா இருந்தா பல்லு பெரும்பாலும் சொத்தைக்கு ஈடு குடுக்கும். நீங்க வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க? என்ன பேஸ்ட்டு?"

இரண்டையும், சாந்தாமணி அப்படிச் செய்த காரணத்தையும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது. நான் படித்த வேதியியல் அந்த நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

"உங்க வீட்டம்மா நெனச்சதுல பாதி சரி சார்" என்றார் அவர். "பல்லு ஈறுக்குள்ள உருவாகுற வயசுல அளவுக்கு மேல போனா கறை வரும். அந்தத் தண்ணியக் குடுக்காதது நல்லதுதான். ஆனா பேஸ்ட்டுல இருக்குறது வேற. தேய்ச்சுத் துப்புறது. இந்த மாதிரி உலர்ந்த வாய்க்கு அது அவசியம் வேணும். அது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. எல்லாம் சேர்ந்து ஒரே வாயில வந்து நின்னுடுச்சு. பொண்ணு மேல தப்பில்ல. அதை அதுகிட்ட மொதல்ல சொல்லுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

மகளிடம் சொல்வது எளிது. சாந்தாமணியிடம் எப்படிச் சொல்வது? பஸ் படிக்கட்டில் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிய அவள் கண்முன் வந்தாள். மகளுக்காகத் தன் சொந்தங்களோடெல்லாம் மல்லுக்கு நின்ற ஒரே விஷயம் அது.

மாதேசுவுக்குப் போன் செய்தேன். தேர் அப்போதுதான் நகர்ந்திருந்தது. அக்கா வண்டியில் ஏறப் போகிறாள் என்றான். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததைச் சொல்லி, டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"உங்கக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலடா."

"அத நான் பாத்துக்கறனுங்க மச்சான். நீங்க புள்ளையப் பாருங்க" என்றான்.

அவர்கள் வந்தபோது

தெருவிளக்கு எரிந்த பிறகு சாந்தாமணி வந்தாள். நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. சேலையில் பொங்கல் அடுப்பின் புகை வாசம். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மூச்சு உடறாளா?"

"உடறா. நல்லா உடறா. தூங்கறா."

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைத் தானும் சேர்ந்து மூச்சுவிட்டபடி பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் ஒரு கையில் சங்கிலியைக் கொடுத்தேன். மறு கையில் பல் இருந்த டப்பாவை வைத்தேன். அவள் டப்பாவை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"வெளிய எத்தன வெளுப்பு பாருங்க" என்றாள்.

"சாந்தா, டாக்டரம்மா பல காரணம் சொன்னாங்க. மாத்திரை, வாய் உலர்றது, அப்புறம் என் பல்லோட வாகு..."

"தண்ணியும் பேஸ்ட்டும் சொன்னாங்களாமா. மாதேசு சொன்னான்."

நான் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னையாட்டம் வாய மூடிட்டு நிக்கக்கூடாதுன்னுதானுங்க நெனச்சேன்" என்றாள். அழவில்லை. இரண்டு கையையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் போனில் தட்டியதை அப்போது அவளிடம் காட்டலாமா என்று நினைத்து, அந்தப் போனைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் டாக்டர் மாலைச் சுற்றுக்காக வந்தார். சாந்தாமணி எழுந்து நின்றாள். டாக்டர் அவளிடம் பேசத் தொடங்கும் முன் படிக்கட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. "இதெல்லாம் மேல கொண்டுபோகக் கூடாதுங்க" என்று காவலாளி யாரையோ தடுத்துக்கொண்டே வந்தார். முன்னால் மாதேசு. வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். பண்டிகைக்குக் கட்டிய புது வேட்டி, தோளில் தளும்பத் தளும்ப ஒரு தண்ணீர் கேன்.

"டாக்டருங்களா? இது எங்கூட்டு போர்த் தண்ணிங்க" என்றான் மூச்சு வாங்க. "மச்சான் எல்லாஞ் சொன்னாப்ல. எங்கக்கா இத்தன வருசமா இந்தப் புள்ளைக்குக் குடுக்காம உட்டுப்போட்டுதுங்க. இன்னைலருந்து குடிச்சா செரியாப் போயிருமுங்களா?"

"ஐயோ, இதையும் குடுக்காதீங்க" என்றார் டாக்டர். "இதுல அளவுக்கு மேல இருக்கு. குடிக்கக் குடிக்க எலும்பு, மூட்டெல்லாம் இறுகிப்போகும். நீங்களும் நல்ல தண்ணிக்கு மாறுங்க. பொண்ணுக்குப் பேஸ்ட்ட மாத்துங்க, மிட்டாய நிறுத்துங்க, அது போதும்."

மாதேசு கேனை மெதுவாகத் தரையில் இறக்கினான். அதைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"அந்தத் தண்ணியும் ஆகாதுங்கறீங்க, இந்தத் தண்ணியும் ஆகாதுங்கறீங்க."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் பல். மூடிக்கொள்ளக் கை இல்லாமல், டாக்டருக்கும் காவலாளிக்கும் முன்னால், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மாதேசு நனைந்த தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டுக்கும் நடுவால ஏதாச்சும் ஊரு இருந்தாச் சொல்லுங்க டாக்டரு" என்றான். "நாளைக்கே ரிக் வண்டியக் கொண்டாந்து போர் போட்டுத் தாரேன்."